நாப்கினுக்கு கருப்பு கவர்... சடங்குக்கு பத்தடி பேனர்! இந்த காமெடியை அந்தப் பொண்ணே படமா எடுத்தா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி, தாலுகா, சட்டமன்றத் தொகுதி என மூன்றுக்கும் ஒரே பெயர். சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் கிராமங்கள். முகூர்த்த நாளில் இந்த வட்டாரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் வரவேற்பது பிளக்ஸ் பேனர்தான். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். கூடவே 'மஞ்சள் நீராட்டு விழா'.

அந்தக் கடைசி பேனரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பட்டுப்புடவை, ஒட்டியாணம், நெத்திச்சுட்டியோடு ஒரு 12, 13 வயசுப் பொண்ணு. பின்னாடி அருவி, அன்னப்பறவை, ரோஜாப்பூ. மேலே வட்டம் வட்டமாக தலைவர்கள் படம். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். கீழே 'அன்புடன் அழைக்கும்' நண்பர் படை. மொத்த பேனரிலும் சங்கடமாகச் சிரிக்கிற ஒரே முகம் அந்தப் பொண்ணோடது மட்டும்தான்.

இப்போ அதே ஊர் மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். அதே பொண்ணுக்கு நாப்கின் வாங்க அம்மா நிற்கிறார். மற்ற எல்லாரும் வாங்கிட்டுப் போகட்டும் என்று காத்திருந்து, குரலை இறக்கி, பாதி வார்த்தையில் கேட்கிறார். கடைக்காரர் எதுவும் பேசாமல் பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டு, வெடிகுண்டு கைமாறுவது மாதிரி நீட்டுகிறார்.

அதாவது விஷயம் ரகசியம். ஆனால் அறிவிப்பு பத்தடி உயரம்.

இதைவிட நல்ல காமெடி ஸ்கிரிப்டை எந்த ரைட்டரும் யோசித்து எழுத முடியாது. ஆனாலும் இத்தனை வருஷ தமிழ் சினிமாவில் இந்த காமெடியை அந்தப் பொண்ணோட கண்ணிலிருந்து சொன்ன படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன்? சொன்னால் என்ன மாறும்? அதுதான் இங்கே கேள்வி.

முதல்ல, சடங்கு என்றால் என்ன?

மஞ்சள் நீராட்டு விழா, பூப்புனித நீராட்டு விழா, சடங்கு, மஞ்ச தண்ணி... ஊருக்கு ஊர் பெயர் மாறும். இலங்கைத் தமிழர்கள் 'சாமத்திய வீடு' என்பார்கள். முதல் மாதவிடாய் வந்ததும் பெண்ணைத் தனியாக உட்கார வைப்பது, தாய்மாமன் தென்னை ஓலையில் குச்சு கட்டுவது, உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை கொடுப்பது, 7, 9, 11 அல்லது 16-வது நாளில் தண்ணீர் ஊற்றுவது, சீர்வரிசை, பந்தி, மொய். வீட்டுக்கு வீடு, சாதிக்கு சாதி முறை மாறினாலும் எலும்புக்கூடு இதுதான்.

இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. ஆந்திரா, தெலங்கானாவில் 'ஹாஃப் சாரி ஃபங்ஷன்' இருக்கிறது. அசாமில் 'துலோனி பியா' என்று சின்னக் கல்யாணமே நடக்கும். ஒடிசாவில் 'ரஜ' திருவிழாவில் பூமித்தாய்க்கே மாதவிடாய் என்று சொல்லி உழவுக்கு லீவு விட்டு, பெண்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள்.

உலகத்தில் பல பூர்வகுடிகளிடமும் இது உண்டு. அமெரிக்காவின் நவாஹோ மக்களிடம் 'கினால்டா' என்ற நான்கு நாள் சடங்கு. பொண்ணு விடியற்காலையில் கிழக்கு நோக்கி ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தூரத்தைக் கூட்ட வேண்டும். பூமியில் குழி தோண்டி பெரிய சோள கேக் சுட்டு ஊருக்கே பரிமாற வேண்டும். கவனிங்க, அங்கே பொண்ணு ஓடுகிறாள். இங்கே பொண்ணு உட்காருகிறாள். வடமாவட்டங்களில் 'பொண்ணு உட்கார்ந்துட்டா' என்பதே இந்தச் செய்திக்கான வாக்கியம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

போட்ட மொய்யை எடுக்கணும்ல?

'இந்தக் காலத்துல இதெல்லாம் தேவையா?' என்று நகரத்தில் உட்கார்ந்து கேட்பது சுலபம். ஆனால் சடங்கு இன்னும் ஏன் நடக்கிறது என்பதற்கு பக்தியைவிட, மரபைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. கணக்கு நோட்டு.

மொய் என்பது பரிசு இல்லை, வட்டியில்லாக் கடன். இருபது வருஷமாக ஊரில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஐநூறும் ஆயிரமுமாகப் போட்ட குடும்பத்துக்கு, அதைத் திரும்ப எடுக்க ஒரு விசேஷம் வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஆடி மாசம் இதற்கென்றே 'மொய் விருந்து' நடத்துகிறார்கள். அந்த வழக்கம் இல்லாத ஊரில் காதுகுத்தும் சடங்கும்தான் ஏடிஎம். கல்யாணம் வரை காத்திருந்தால் இன்னும் எட்டு, பத்து வருஷம் ஆகும். வட்டிக்கு வாங்கிய கடன் அதுவரை காத்திருக்காது.

தாய்மாமன் சீருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 1989-ல்தான். நாடு முழுக்க அது வந்தது 2005-ல். அதற்கு முன்னால், கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொஞ்சமாவது வந்து சேர்வதற்கு இருந்த வழிகளில் ஒன்று சீர். அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவது பாசம் மட்டுமில்லை. 'என் தங்கச்சிக்கு நாங்க இருக்கோம்' என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் நோட்டீஸும்கூட.

உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் வளர்கிற உடம்புக்குத் தேவையான சாப்பாடுதான். சத்தான சாப்பாடு தினம் கிடைக்காத வீட்டில், ரெண்டு வாரமாவது பொண்ணுக்கு முதல் கவனிப்பு கிடைக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் 'காட்டுமிராண்டித்தனம்' என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆளோட பெயர்தான் இல்லை. மொய் அப்பாவுக்கு. சீர் அம்மாவின் கௌரவத்துக்கு. பேனர் மாமன்களின் புகழுக்கு. பந்தி ஊருக்கு. தேதி ஜோசியருக்கு. பொண்ணுக்கு? மேடையில் நாலு மணி நேரம் சேரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தில் பூசுகிற சந்தனத்தை வாங்கிக்கொள்கிற வேலை.

பையனுக்கு ஏன் பேனர் இல்லை?

அதே வயசில் வீட்டில் இருக்கிற அண்ணனுக்குக் குரல் உடைகிறது. மீசை அரும்புகிறது. ராத்திரியில் அவன் உடம்பிலும் என்னென்னவோ நடக்கிறது. 'எங்கள் இல்லத்து இளவரசனின் குரல் உடைந்ததை முன்னிட்டு' என்று யாராவது பேனர் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? யோசித்தாலே சிரிப்பு வருகிறது இல்லையா? அந்தச் சிரிப்புதான் இங்கே பாயின்ட். பையன் விஷயத்தில் அபத்தமாகத் தெரிவது, பொண்ணு விஷயத்தில் கலாசாரமாகத் தெரிகிறது.

ஆண் பிள்ளைகளுக்கு உடம்பு சார்ந்த விழாவே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் சுன்னத்தை 'மார்க்கக் கல்யாணம்' என்று விழாவாக நடத்தும் வழக்கம் உண்டு. மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து ஊர்வலம் கூட்டிப்போன கதையை, வளர்ந்த பிறகு டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஆண்கள் நிறைய பேர். அந்த சங்கடம் அவர்களுக்குக் கதையாகிவிட்டது. கதையைச் சொல்கிற ஆளே சிரிப்புக்கும் சொந்தக்காரர். சடங்குக் கதையை அதே டீக்கடையில், அதே சத்தத்தில் ஒரு பெண் சொல்ல முடியுமா?

தமிழில் யார் சொன்னாங்க?

சொன்னவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதை இன்றும் பேசப்படுகிறது. வயசுக்கு வந்த சிறுமி, வெளியூர் போயிருக்கிற அம்மாவின் வருகைக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறாள். அம்மா வருகிறார். ஆறுதலுக்குப் பதில் சலிப்பான ஒரு வார்த்தை வருகிறது. அவ்வளவுதான் கதை. படித்த பெண்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதில் சிரிப்புக்கு இடமில்லை.

கவிஞர் சல்மாவின் வாழ்க்கையும் தெரிந்ததுதான். துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளிக்கூடம் நின்று, வீட்டுக்குள் அடைபட்டு, ஒளிந்து எழுதி, 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலாசிரியராக வெளியே வந்தவர். அவரைப் பற்றி கிம் லாங்கினாட்டோ எடுத்த 'சல்மா' ஆவணப்படம் 2013-ல் வந்தது.

ஆவணப்படங்களில் மாதவிடாய் பேசுபொருளாகி கொஞ்ச நாளாச்சு. கோவை அருணாச்சலம் முருகானந்தம் கண்டுபிடித்த குறைந்த விலை நாப்கின் மெஷின் உத்தரப் பிரதேசத்தின் ஹாபூர் மாவட்டத்துக் கிராமத்துக்குப் போன கதையைச் சொன்ன 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' குறும்படத்துக்கு 2019-ல் ஆஸ்கரே கிடைத்தது. அதில் மறக்க முடியாதது மெஷின் இல்லை. 'மாதவிடாய்னா என்ன?' என்று கேட்டதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அது வெட்கச் சிரிப்பு. காமெடி இல்லை.

சிரிக்க வைத்தே இதைப் பேச முடியும் என்று தமிழில் காட்டியது 'அயலி'. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரி 26-ல் ஜீ5-ல் வந்த எட்டு எபிசோட் வெப் சீரிஸ். 1990-ல், வீரப்பண்ணை என்ற ஊரில் நடக்கிற கதை. பெண் வயசுக்கு வந்தால் உடனே கல்யாணம், இல்லையென்றால் ஊர்த் தெய்வம் அயலி கோபப்படும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்துவிடுகிறாள். அதை ஊரிடமிருந்து மறைத்து ஸ்கூலுக்குப் போகிறாள். அபி நட்சத்திரா மகளாக, அனுமோள் அம்மாவாக நடித்திருந்தார்கள்.

கதையைக் கேட்டால் அழுகை சீரியல் மாதிரி இருக்கும். பார்த்தால் திருட்டுக் கதை மாதிரி விறுவிறு. எப்போ மாட்டுவாள், யார் பார்த்தார்கள், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வங்கிக் கொள்ளைக்குத் தேவைப்படுகிற அத்தனை பதற்றமும், ஒரு துணியைத் துவைத்துக் காயப்போடுவதில் இருக்கிறது. முக்கியமான விஷயம், அங்கே ரசிகன் சிரிப்பது தமிழ்ச்செல்வியைப் பார்த்து இல்லை. தமிழ்ச்செல்வியோடு சேர்ந்து, ஊரைப் பார்த்து.

இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாம்.

உலகம் இதை எப்படிச் சிரித்தது?

2022-ல் வந்த பிக்ஸாரின் 'டர்னிங் ரெட்' ஞாபகம் இருக்கா? டொரண்டோவில் வளரும் 13 வயது சீனக் குடும்பத்துப் பொண்ணு மெய் லீ. ஒருநாள் காலையில் எழுந்தால் பெரிய சிவப்பு பாண்டாவாக மாறியிருக்கிறாள். அம்மாவோ வேறு விஷயம் என்று நினைத்து, நாப்கின் பாக்கெட்டோடு ஸ்கூல் வரைக்கும் வந்து வகுப்பு முன்னாடியே மானத்தை வாங்குகிறார். இயக்குநர் டோமி ஷீ, டொரண்டோவில் வளர்ந்த சீன வம்சாவளிப் பெண். தன் வயசை, தன் அம்மாவை, தன் ஊரைத் தெரிந்தவர் எடுத்ததால்தான் அந்தக் காட்சியில் அம்மாவும் வில்லி ஆகவில்லை, பொண்ணும் கேலிப்பொருள் ஆகவில்லை. அதில் மெய்யின் தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்தது நம்ம மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஈழத்தமிழ் வம்சாவளி கனடாக்காரர்.

பூர்வகுடிகள் பக்கம் வந்தால் பாடம் இன்னும் தெளிவு. ஹாலிவுட் நூறு வருஷமாக அமெரிக்கப் பூர்வகுடிகளை ஒன்று முரடனாகக் காட்டியது, இல்லை சோகமான ஞானியாகக் காட்டியது. 2021-ல் வந்த 'ரிசர்வேஷன் டாக்ஸ்' அதை உடைத்தது. ஸ்டெர்லின் ஹார்ஜோவும் டைக்கா வைட்டிட்டியும் உருவாக்கிய அந்தத் தொடரின் எழுத்தாளர்கள், இயக்குநர்கள் எல்லாருமே பூர்வகுடிகள். சாவு வீடு, சடங்கு, மூதாதையர் ஆவி என எல்லாவற்றிலும் சிரிப்பு. ஆனால் ஒரு இடத்தில்கூட அந்த மக்களின் மரியாதை குறையவில்லை. வெளியாள் சிரித்தால் அவமானம். உள்ளே இருக்கிறவர் சிரித்தால் உரிமை.

சடங்கையே மீட்டெடுத்த கதையும் உண்டு. வடக்கு கலிஃபோர்னியாவின் ஹூப்பா மக்களிடம் பெண்கள் வயதுக்கு வருவதைக் கொண்டாடும் 'மலர் நடனம்' இருந்தது. தங்க வேட்டைக்காக வந்தவர்களின் வன்முறையில் அது மங்கிப்போனது. பிறகு அந்தச் சமூகத்துப் பெண்களே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே சமூகப் பின்னணி கொண்ட ஆய்வாளர் கட்சா ரிஸ்லிங் பால்டி 2018-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அங்கே சடங்கு வேண்டுமா, வேண்டாமா என்பது இல்லை கேள்வி. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

இங்கே? திருவண்ணாமலை மாவட்டத்தில் இருளர்கள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடிகள் இருக்கிறார்கள். இருளர்கள் மீதான போலீஸ் கொடுமையை 'ஜெய் பீம்' 2021-ல் சொன்னது. அது தேவையான படம். ஆனால் வெளியே இருந்து வருகிற கேமராவுக்கு எப்பவும் பழங்குடிகளின் கண்ணீர்தான் கண்ணில் படும். அவர்கள் வீட்டுக்குள் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அட்டப்பாடியில் இருளர்களையே நடிக்க வைத்து, இருளர் மொழியிலேயே பிரியநந்தனன் 'தபாரி குருவி' எடுத்தார். நஞ்சியம்மா 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதில் சிறந்த பாடகியானார். வழி திறந்திருக்கிறது. காமெடிதான் இன்னும் வரவில்லை.

'சிரிக்கிற விஷயமா இது?'

நியாயமான கேள்வி. ஏனென்றால் இதில் உயிர் போயிருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமத்தில், வயசுக்கு வந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். புயல் எச்சரிக்கை எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'தீட்டு' என்ற ஒரு வார்த்தை அதைவிடப் பெரிய எச்சரிக்கையாக இருந்தது.

மதுரை மாவட்டம் பேரையூர் பக்கம் கூவலாபுரத்தில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் தங்க 'முட்டுத்துறை' என்று தனி வீடே உண்டு. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், அப்போதுதான் வயசுக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவி, வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து முழு ஆண்டுத் தேர்வு எழுதினாள். வீடியோ வைரலானது. தலைமை ஆசிரியர் சஸ்பெண்ட் ஆனார். அந்தப் பொண்ணு படிக்கட்டில் எழுதிய பரீட்சை அவளுக்கு மறக்குமா?

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்காக சாலையில் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஒரு இளம் மென்பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்தார். அனுமதி இல்லாத பேனர் பற்றி கோர்ட்டும் அரசும் எத்தனை தடவை சொன்னாலும் பிளக்ஸ் மட்டும் ஓயவில்லை.

இவ்வளவும் சிரிக்கிற விஷயம் இல்லைதான். அதனால்தான் சிரிப்பு தேவை. 'தீட்டு' என்பதை வாதம் செய்து ஒழிக்க முடியவில்லை. நூறு வருஷமாக மேடைகளில் பேசியாச்சு. பாடப் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றிப் பாடம் இருக்கிறது. அதை எத்தனை வகுப்பில் 'வீட்ல படிச்சுக்குங்க' என்று தாண்டிப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2017-ல் நாப்கினுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். நாடே பேசியது. 2018-ல் எடுத்தார்கள். வரி போச்சு, கருப்பு கவர் போகவில்லை.

பயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு நம்பிக்கை, வாதத்துக்கு அசையாது. ஆனால் அதே நம்பிக்கையைப் பார்த்து வீட்டுப் பொம்பளைங்க ஒருமுறை சேர்ந்து சிரித்துவிட்டால், அடுத்த முறை அதே முகத்தை வைத்துக்கொண்டு 'குடிசையில போய் படு' என்று சொல்வது கஷ்டம். சிரிப்பு சட்டம் போடாது. ஆனால் வாயடைக்கும்.

அதோடு, சடங்கு வீட்டில் சிரிப்பு ஏற்கெனவே இருக்கிறது. நலங்கு வைக்கும்போது அத்தைகளும் பாட்டிகளும் அடிக்கிற கிண்டல், முறைப்பையனை இழுத்து வம்புக்குப் பேசுவது, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் பேசுகிற பச்சைப் பேச்சு. அந்தக் கதவுக்கு வெளியே அது வந்ததில்லை. சினிமா வெளியே இருந்து பார்த்தது. அதனால் அதற்கு ரெண்டே விஷயம்தான் கிடைத்தது. ஒன்று, பொண்ணு வெட்கப்படும் பாட்டு. இன்னொன்று, ரெண்டு மாமன்கள் சீர் தட்டுக்குச் சண்டை போடும் காமெடி டிராக். ரெண்டிலும் பொண்ணுக்கு வசனம் கிடையாது.

கீழ்பென்னாத்தூரில் ஒரு குறும்படம் எடுத்தால்...

கற்பனைக்கு ஒரு பத்து நிமிஷக் கதை. எட்டாம் வகுப்புப் பொண்ணு. சனிக்கிழமை ஊர்களுக்கு இடையே கபடி மேட்ச். வெள்ளிக்கிழமை வயசுக்கு வந்துவிடுகிறாள். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று அம்மா வாயைப் பொத்துகிறார். ஒரு மணி நேரத்தில் அம்மாவே பதினேழு பேருக்கு போன் போடுகிறார், எல்லாரிடமும் 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று.

பேனர் கடையில் டிசைன் நடக்கிறது. பெரிய மாமன் படம் பெரிசா, சின்ன மாமன் படம் பெரிசா என்று பஞ்சாயத்து. கடைசியில் ரெண்டு மாமனும் பெரிசாகி, பொண்ணு படம் மூலைக்குப் போகிறது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு. அதைப் பார்ப்பது அவள் ஒருத்திதான். ஆனால் குச்சுக்குள் இருக்கிறவளிடம் யார் கேட்பார்கள்? பந்தலுக்கு வெளியே ஊரே அவளைப் பற்றிப் பேசுகிறது. பந்தலுக்குள் அவள் ஒருத்தி தனியாக, பழைய போனில் மேட்ச் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கிளைமாக்ஸ் எப்படியும் முடியலாம். அவள் ஓடிப்போய் மேட்ச் ஆடலாம். அல்லது பாட்டியே கதவைத் திறந்துவிட்டு, 'நான் உட்கார்ந்த அன்னைக்கு நாத்து நடவுக்குப் போனவடி' என்று சொல்லலாம். இந்தக் கதையை எடுக்க ஆகிற செலவு, ஒரு பேனருக்கும் ட்ரோன் ஷூட்டுக்கும் ஆகிற செலவைவிடக் குறைவு. லொகேஷன் இருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார்கள். மாமன்கள் நடிக்கவே தேவையில்லை. சும்மா வந்தால் போதும்.

இன்றைக்கு ஒவ்வொரு சடங்கு வீட்டிலும் கேமரா இருக்கிறது. ஸ்டில், வீடியோ, ட்ரோன், இப்போது ரீல்ஸ். லண்டன், டொரண்டோ சாமத்திய வீடுகளில் பல்லக்கு, குதிரை வண்டி வரை போயாச்சு. ஒரு விஷயம் மட்டும் எங்கேயும் மாறவில்லை. கேமராவுக்கு முன்னால் அவள். பின்னால் வேறு யாரோ. அந்த போட்டோ ஒருநாள் இன்டர்நெட்டில் ஏறினால், அவளுக்கு 25 வயசானாலும் தேடினால் வரும். அனுமதி கேட்ட ஒரு ஆளும் இருக்க மாட்டார்.

கொண்டாட்டம் வேண்டாமா?

வேண்டும் என்றால் வேண்டும். பிரச்னை களி இல்லை, பட்டுப்புடவை இல்லை. அத்தையும் பாட்டியும் கூடி உட்கார்வதும் இல்லை. பல பொண்ணுங்களுக்கு அந்த நாள் பிடித்தும் இருக்கிறது. புதுத் துணி, கவனிப்பு, எல்லாரும் தன்னைப் பார்ப்பது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சிலருக்கு அது வாழ்நாள் கூச்சம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் தெரிய ஒரே வழி, கேட்பதுதான்.

மூணே மூணு கேள்வி. பேனர் வைக்கவா? போட்டோவை ஸ்டேட்டஸில் போடவா? யார் யாரைக் கூப்பிடலாம்? 13 வயசுப் பொண்ணுக்கு பதில் சொல்லத் தெரியும். 'வேண்டாம்' என்று சொன்னால் மொய்க் கணக்கு என்னாவது என்ற கவலை உண்மையானது. அதற்கு வழி இருக்கிறது. ஆடி மாச மொய் விருந்தைப் புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கமிருந்து கடன் வாங்கலாம். வீட்டுக்கு கிரகப்பிரவேசம் வைக்கலாம். ஒரு குழந்தையின் உடம்பு கடன் பத்திரமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த விழாவின் அர்த்தம் 'எங்க வீட்ல பொண்ணு ரெடி' என்பதுதான். இன்றைக்குச் சட்டம் வேறு. 18 வயசுக்கு முன்னால் கல்யாணம் செய்தால் 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அப்படி எங்காவது நடந்தால் 1098-க்கு ஒரு போன் போதும். விழாவின் பழைய அர்த்தம் செத்துவிட்டது என்றால், புது அர்த்தம் என்ன என்பதை முடிவு செய்ய வேண்டியது யார்? பேனரில் இருக்கிற அத்தனை பேரும் இத்தனை நாள் முடிவு செய்தார்கள். மூலையில் சின்னதாக, எழுத்துப் பிழையோடு நிற்கிறவளுக்கு இன்னும் சான்ஸ் வரவில்லை.

அடுத்த சடங்குக்கு சீர் கொண்டு போகிற மாமன்கள் யோசிக்கலாம். பதினோரு தட்டு, இருபத்தியொரு தட்டு என்று எண்ணிக்கை காட்டுவதில் ஒரு தட்டைக் குறைத்து, ஒரு நல்ல கேமரா போன் வாங்கி அவள் கையில் கொடுங்கள். பாஸ்வேர்ட் அவளே போட்டுக்கொள்ளட்டும். அஞ்சு வருஷம் கழித்து அவள் எடுக்கிற படத்தில் நீங்கள் காமெடியனாக இருப்பீர்கள். பரவாயில்லை. பேனரில் கூலிங் கிளாஸோடு நின்றதைவிட அது நல்ல ரோல்தான்.